பட்டியலில் வராத கச்சேரி

அவர் வேலை பல்செட் செய்வது. வாயைத் திறந்தால் பேச்சு பாட்டைப் பற்றி. அதனால் பல்செட் லேபில் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் பல்லவி. வயது நாற்பத்தாறு. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சை வைத்து மெழுகில் ஈறு கட்டுவார், பல் பதிப்பார், மோட்டாரில் தேய்த்து மெருகேற்றுவார். காதில் எப்போதும் ஏதாவது ஆல்பம் ஓடிக்கொண்டிருக்கும்.

டிசம்பர் வந்தால் லேபின் வெள்ளைப் பலகையில் டெலிவரி தேதிகளை அழித்துவிட்டு, அந்த ஆண்டின் சிறந்த பத்து ஆல்பங்களையும் ஐந்து கச்சேரிகளையும் எழுதிவிடுவார். எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

போன வருடம் முதலிடத்துக்குக் கடும் போட்டி. அக்கா தங்கை இருவர் தங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பாடிப் பதிவு செய்த ஆல்பம் ஒன்று. மூன்றாவது பாட்டில் யாரோ செருப்போடு இறங்கிப் போகும் சத்தம்கூடக் கேட்கும். அந்த இடத்துக்காகவே பல்லவி அதைத் திரும்பத் திரும்பப் போடுவார். ஆனால் ஜூனில் வந்த ஒரு சாக்ஸபோன் ஆல்பம் அதையும் தூக்கிச் சாப்பிட்டது. வாசித்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். முப்பது வருடம் அடுத்தவர் குழுக்களில் பின்வரிசையில் நின்றவர், முதல் முறையாகத் தன் பெயரில் போட்ட ஆல்பம் அது.

நவம்பரில் ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, நூலகத்து மாடி அரங்கில் அந்த அம்மாளின் கச்சேரி. பல்லவிக்கு முதல் வரிசை. பக்கத்தில் கணவர், பஸ் டிரைவர். எந்தப் பாட்டுக்கும் இரண்டாவது நிமிடத்தில் கண் சொக்கிவிடும் ஆள்.

நாலே கால் ஆகியும் மேடை காலி. அமைப்பாளர் வந்து, "ஒரு சின்ன சிக்கல், கச்சேரி நடக்குமான்னு தெரியல" என்றார். பல்லவி விடாமல் துருவியதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒத்திகையில அவங்க மேல் பல்செட் ரெண்டா உடைஞ்சுபோச்சும்மா. பல் இல்லாம வாசிக்க முடியாதாம்."

"எங்க இருக்காங்க? கூட்டிட்டுப் போங்க!"

பின்னறையில் அந்த அம்மாள் துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் பல்செட் செய்யறவ. உங்க ஆல்பத்த நாப்பது தடவையாவது கேட்டிருப்பேன். அதக் குடுங்கக்கா."

இரண்டில் எதை நம்பினாரோ, கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

கணவர் பஸ்ஸில் ஒருநாளும் காட்டாத வேகத்தை ஸ்கூட்டரில் காட்டினார். லேபைத் திறந்து, இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, விரிசலைத் தேய்த்து, ரோஸ் நிறப் பசையை ஊற்றி, வெந்நீரில் போட்டாயிற்று. அது இறுகும்வரை புருஷனும் பெண்டாட்டியும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஐந்தரைக்குக் கச்சேரி தொடங்கியது. பல்லவியின் கண் அந்த அம்மாளின் மேலுதட்டை விட்டு நகரவில்லை. ஸ்வரம் மேலே ஏறும்போதெல்லாம் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியபோதுதான் மூச்சே விட்டார்.

"என்னமா வாசிக்கறாங்க! நான் தூங்கவே இல்ல, பாத்தியா?" என்றார் கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என்னங்க வாசிச்சாங்க?" என்று கேட்டார் பல்லவி.

டிசம்பரில் பலகையில் ஆல்பம் முதலிடம் பிடித்தது. ஐந்து கச்சேரிகளில் அந்தக் கச்சேரி இல்லை. கணவருக்குத் தாங்கவில்லை.

"நீயே ஒட்டி, நீயே ஒதுக்கிட்டியா?"

"கேக்காத கச்சேரிய எப்படிங்க எழுதறது?"

ஜனவரியில் அந்த அம்மாள், பல்லவி செய்த புதுப் பல்செட்டைப் பொருத்திப் பார்க்க லேபுக்கே வந்தார், சாக்ஸபோன் பெட்டியோடு. பலகையைப் படித்துவிட்டுத் திரும்பினார்.

"ஆல்பம் இருக்கு. கச்சேரி எங்க?"

பல்லவிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் பாட்டக் கேக்கவே இல்லக்கா. உங்க பல்லையே பாத்துட்டு இருந்தேன்."

அந்த அம்மாள் புதுப் பல் தெறித்துவிடும் போலச் சிரித்தார். பிறகு சாக்ஸபோனை எடுத்தார். மோட்டார்களை நிறுத்தினார்கள். ஒரு பாட்டு வாசித்து, "வலப்பக்கம் அழுத்துது" என்றார். பல்லவி தேய்த்துக் கொடுத்தார். மறுபடி ஒரு பாட்டு. இப்படி நாலு தடவை நடந்தது. உண்மையில் இரண்டாவது தடவையே சரியாகிவிட்டது. "எதுக்கும் இன்னொண்ணு வாசிச்சுப் பாத்துடுங்கக்கா" என்று அதற்கப்புறம் சொன்னதெல்லாம் பல்லவிதான். அந்த அம்மாளுக்கும் அது புரியாமல் இல்லை. எந்தப் பாட்டு வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.