142857ஐ ஏழால் பெருக்கியபோது

பட்டுச் சேலையில் தைத்த மண்மூட்டை, ஈரம் ஊறிவிட்டால் வழுவழுப்பெல்லாம் போய் முதுகைக் குளிரவைக்கும். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கண்டாவளையிலிருந்து இடம்பெயர்ந்து முல்லைத்தீவுப் பக்கம் ஒரு தென்னங்காணியில் ஒதுங்கியிருந்தபோது, சாக்குக் கிடைக்காமல் அம்மா தன் கூறைச்சேலையையே வெட்டித் தைத்து எங்கள் பதுங்குகுழியான ‘பங்கரு’க்குள் அடுக்கியிருந்தார். அதில் சாய்ந்துகொண்டுதான் நானும் தம்பியும் ஒரு பிற்பகல் முழுக்கக் கணக்குச் செய்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஒன்பது.

அன்று அம்மா தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போன கையோடு ‘செல்’ குண்டுகள் விழத் தொடங்கிவிட்டன. “நான் வருமட்டும் ஒருத்தரும் வெளியிலை தலை நீட்டப்படாது” என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். முதல் சத்தத்திலேயே தம்பி எழுந்துவிட்டான்.

“அம்மாவிட்டைப் போறன், விடு.”

வெளியே ஓடினால் அவனை உயிரோடு காணமாட்டேன் என்ற பயம் எனக்கு. இழுத்து வைக்கும் பலமோ கையில் இல்லை. பள்ளிக்கூடத்தில் தோழி ஒருத்தி பந்தயம் கட்டிக் கேட்ட எண் வாயில் வந்தது.

“142857. ரெண்டாலை பெருக்கு பாப்பம். ஒரு புதினமான விடை வரும்.”

கணக்கென்றால் காத தூரம் ஓடுகிறவன், என்ன நினைத்தானோ, உட்கார்ந்து ஓலை ஈர்க்குக் குச்சியால் மண்ணில் கீறினான். 285714. “அதே இலக்கங்கள்!” மூன்றால் பெருக்கினால் 428571, நான்கால் 571428. வரிசைகூடக் குலைவதில்லை, கைகோத்து வட்டம் சுற்றுகிற பிள்ளைகளைப் போல, எது முன்னுக்கு நிற்கிறது என்பது மட்டும்தான் மாறும். ஒவ்வொரு செல்லுக்கும் கூரையில் அடுக்கிய மரக்குற்றிகளுக்கிடையால் மண் கொட்டி விடையை மூடிவிடும். நல்லது, இன்னொருமுறை எழுதட்டும் என்றிருந்தது எனக்கு. ஐந்துக்கு 714285, ஆறுக்கு 857142. அம்மாவைக் காணவில்லை.

அடுத்த பெருக்கல்தான் கடைசி. ஏழால் பெருக்கினால் 999999. விளையாட்டு அத்தோடு முடிந்தது. பிறகு அவனை மறிக்க என்னிடம் ஒன்றுமே இல்லை. அவன் அதையும் செய்து முடித்தான். ஒன்பதுகளைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“எட்டாலை?” என்று கேட்டான்.

அதை நான் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. 1142856 வந்தது. “பிழைச்சுப் போச்சு” என்றேன்.

“இல்லை அக்கா, முன்னுக்கு மிஞ்சி நிக்கிற ஒண்டை எடுத்துக் கடைசி ஆறோடை கூட்டு.”

கூட்டினேன். 142857. அதை எழுதி முடிப்பதற்குள் அம்மா, கையில் வாளியில்லாமல், முழங்கை கிழிந்து இரத்தம் வடிய, எங்கள் மேலேயே வந்து விழுந்தார். மூவரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

அந்தக் காணியில் இப்போது பங்கர் இருந்த தடமே இல்லை. தூர்த்து, புதுத் தென்னை வைத்துவிட்டார்கள். தம்பி நெளுக்குளத்தில் குடும்பமாக இருக்கிறான். போன கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்த எண்ணைக் காட்டி அவனை எப்படி மறித்து வைத்தேன் என்று அவன் மனைவியிடம் என் கெட்டித்தனத்தை அளந்துகொண்டிருந்தேன். குசினிக்குள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவன் குரல் வந்தது.

“எனக்குக் கணக்கிலை என்ன ஆசை? உன்ரை கை நடுங்கிக்கொண்டு இருந்தது. நான் போனால் நீ தனிய இருந்து அழுவாய் எண்டுதான் பெருக்கினனான்.”