என் கைப்பைக்குள் இருந்த பாரிஸ்

கடந்த மே மாதப் பள்ளி விடுமுறையில் திருச்சியிலிருந்து பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஆறு நாள் பாரிஸ் போய் வந்தேன். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "தனியா சமாளிச்சிடுவியா?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு பயணத்தைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. கீர்த்தனாவுக்குப் பன்னிரண்டு வயது, அகிலுக்கு எட்டு.

பாஸ்போர்ட், ஓட்டல் அட்டை, மூவரின் மெட்ரோ அட்டைகள், இருந்த ஒரே போன், பிஸ்கட் பொட்டலம் எல்லாமே என் கைப்பையில்தான். "தொலைச்சிடுவீங்க, எங்கிட்டயே இருக்கட்டும்" என்று முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டேன். (மெட்ரோ அட்டை இரண்டு யூரோ, ஒரு பயணம் இரண்டரை யூரோ, பத்து வயதுக்குக் கீழே பாதி. ஆளுக்கொரு அட்டை கட்டாயம்.)

மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு மோன்மார்த்ர் குன்றில் ஏறினோம். இருநூற்றுக்கும் மேற்பட்ட படிகள். மேலே வெள்ளைத் தேவாலயம், அனுமதி இலவசம். கீழே நகரம் முழுவதும் சாம்பல் கூரைகளாகத் தெரிந்தது. அகில் அதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் பன்னுதானாம்மா?" என்றான். சோற்றுக்காக, இலங்கைத் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக்குப் போவதென்று முடிவாயிற்று. குன்றடியில் இருந்த ஆன்வேர் மெட்ரோ நிலையத்திலிருந்து இரண்டாவது நிறுத்தம்.

நடைமேடையில் கீர்த்தனா சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி வந்தது. அகிலை இழுத்துக்கொண்டு ஏறினேன், மணி ஒலித்தது, கதவு மூடியது. அவள் வெளியே நின்றாள். அப்போது 12.20.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்க வண்டி பிடித்துத் திரும்பினேன். எட்டு நிமிடம். அவள் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். நிலைய ஊழியர் மைக்கில் அவள் பெயரை அறிவித்தார். நடைமேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினேன். அவளிடம் போன் இல்லை, ஓட்டல் முகவரி இல்லை, பத்துப் பைசா இல்லை. எல்லாம் என் தோளில் கனத்தன. பாரிஸில் வாங்கிய சிம்மின் எண் எனக்கே தெரியாது.

12.46க்கு வாட்ஸ்அப் அழைப்பு. திருச்சியிலிருந்து கணவர்.

"கீர்த்தனா லா சப்பல்ல ஒரு மளிகைக் கடையில இருக்கா. நீ எங்க இருக்க?"

அவள் அடுத்த வண்டியில் ஏறி, சரியான நிறுத்தத்தில் இறங்கியிருக்கிறாள். வெளியே வர அட்டை தேவையில்லை. நடைமேடையில் என்னைக் காணாமல், கீழே தமிழ்ப் பலகை தெரிந்த முதல் கடைக்குள் போயிருக்கிறாள். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அப்பாவுடையது; கடைக்காரரின் போனில் அவரை அழைத்திருக்கிறாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, கறி அடைத்துப் பொரித்த ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கல்லாவில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா.

"வாங்கோ தங்கச்சி. தண்ணியைக் குடியுங்கோ முதல்ல. நீங்கள்தான் நல்லாப் பயந்து போட்டியள்."

"பொண்ணு தொலைஞ்சுட்டான்னு..."

"அவ எங்கை துலைஞ்சவ? வந்து நிண்டு, 'எங்கம்மாவைக் காணோம்' எண்டெல்லோ சொன்னவ!" அவர் சிரித்தார். "வடிவாத் தமிழ் கதைக்கிறா. என்ர பிள்ளையள் எண்டால் பிரெஞ்சிலைதான் அழுகிறதுகள்."

கீர்த்தனா என்னையே பார்த்தாள். "லா சப்பல்ல இறங்கணும்னு நீதானேம்மா சொன்ன? நடுவுல ஏன் இறங்கின?"

அவள் அசையாமல் நிற்பாள் என்று நான் நம்பினேன், நான் சொன்னபடி போவேன் என்று அவள் நம்பினாள். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவளைப் பார்த்துக்கொள்வதாக நினைத்து, அவளுக்கு உதவக்கூடிய அத்தனையையும் நான் பையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன்.

பக்கத்து உணவகத்தில் சோறும் கறியும் தட்டு பத்து யூரோ. ஒரு தட்டை இரண்டு பிள்ளைகள் பகிரலாம். ஆன்வேரிலிருந்து நடந்தே வரலாம், இருபது நிமிடம்தான்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மெட்ரோ அட்டையையும், போன் எண்ணும் ஓட்டல் முகவரியும் எழுதிய சீட்டையும் அந்தந்தப் பிள்ளையின் பையிலேயே வையுங்கள். பிரிந்தால் யார் எங்கே நிற்பது என்று முதல் வண்டிக்கு முன்பே பேசிவிடுங்கள்.

நாங்கள் மறுநாள் காலையில் பேசினோம். அகில் தொலைந்தால், கீர்த்தனா தொலைந்தால் என்று ஒவ்வொன்றாக முடிவு செய்தோம்.

"அம்மா தொலைஞ்சா?" என்றான் அகில்.

கீர்த்தனா தன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "நின்ன இடத்துலயே நிக்கட்டும். நாம போய்க் கூட்டிட்டு வரலாம்."