அறுந்த சேண வார்

என் சித்தப்பாவுக்குத் தோல் வேலையில் பித்து. பிழைப்புக்காக அல்ல. போடியைச் சுற்றி எங்களுக்கு வயலும், மலைச்சரிவில் ஓர் ஏலத்தோட்டமும் இருந்தன. சிலருக்குச் சீட்டு, சிலருக்குச் சேவல் சண்டை. அவருக்கு ஒரு துண்டுத் தோலும் குத்தூசியும் கிடைத்தால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். மலைக்கு வந்த துரை ஒருவரின் இடுப்பு வாரைப் பார்த்துப் பிடித்த ஆசை அது என்று அப்பா சொல்வார்.

ஆசையோடு நின்றிருந்தால் வீட்டில் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் அதைப் பற்றிப் பேசவும் செய்தார், அதுவும் சாப்பிடும்போது.

"இடுப்பு வாருன்னா முதுகுத் தோல்லதான் வெட்டணும் மதினி. வயித்துத் தோலு தொட்டா மெத்துன்னு இருக்கும், நாலு நாள்ல இழுபட்டுத் தொங்கிப் போகும்."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். பாவம், அவர் கவனிப்பதே இல்லை. "புதுசா ஆரம்பிக்கிறவன் சாமானா வாங்கிக் குவிக்கக் கூடாது. ஒரு கத்தி, ஒரு குத்தூசி, ரெண்டு ஊசி போதும். கத்தி கூரா இருக்கணும். மழுங்குன கத்திதான் வழுக்கிக் கையை அறுக்கும்" என்று இலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் குடும்பத்தில் புதிதாக ஆரம்பிக்கப் போகிறவர் யாரென்று எனக்கு விளங்கியதில்லை.

ஒருநாள் தாத்தா, தோலைத் தொட்ட கையோடு வாசற்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். சித்தப்பா சண்டை போடவில்லை. சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, குரங்கணிக்கு மேலே இருந்த தோட்டத்துக்குப் போய்விட்டார். காய் உலர்த்தும் பழைய கொட்டகை அவருக்குப் பட்டறை ஆயிற்று. தோட்டத்தையும் நன்றாகவே பார்த்துக்கொண்டார். அதனால் தாத்தாவும் கண்டும் காணாமல் இருந்தார்.

ஐப்பசியில் மலையிலிருந்து சுமை இறக்கி வந்த ஒருவர், எங்கள் முற்றத்தில் நின்று ஒரு சேதி சொன்னார். போடியில் செருப்புத் தைக்கும் மாயன் அடிக்கடி மேலே போகிறாராம், சித்தப்பாவும் அவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்களாம். ஒரே சட்டிக் கஞ்சியாம். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். கஞ்சி குடிப்பதில் என்ன அதிசயம் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் தாத்தா மட்டக்குதிரைக்குச் சேணம் கட்டச் சொன்னார். நானும் வருவேன் என்று அழுதேன். நான் கேட்டு அவர் மறுத்ததில்லை. என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு மலையேறினார்.

கொட்டகையின் இடப்பக்கத்துச் சுவரை உடைத்துப் பெரிய சன்னல் வைத்திருந்தார் சித்தப்பா. கையின் நிழல் வெட்டுகிற கோட்டில் விழக்கூடாதாம். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோல்கள், மடிப்பு விழாமல் உருண்டைக் கழிகளில் தொங்கின. "நூலை இன்னும் இறுக்குங்க அண்ணே" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. நாங்கள் நுழைந்ததும் அந்தக் குரலுக்குரிய மாயன் பலகையிலிருந்து துள்ளி எழுந்தார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார். "நான் வர்றேன் சாமி" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுத் தூறலில் போய் நின்றார். ஒரே ஆளை ஒரே மூச்சில் அண்ணே என்றும் சாமி என்றும் அவர் கூப்பிட்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"இன்னைக்கே இதைக் காலி பண்ணு. சாமானை ஓடையில போட்டுட்டுக் கீழ வா" என்றார் தாத்தா.

"தோட்டத்துச் சோலியில என்ன குறை வச்சேன் ஐயா?"

"சோலியை யாரு கேட்டா? யாரு கூட ஒக்காந்து திங்குறேன்னு கேக்குறேன்."

சித்தப்பா தாத்தாவின் காலைப் பார்த்தார். "உங்க செருப்பும் அவரு தைச்சதுதான்."

"செருப்பு கால்ல கெடக்கும். கூட ஒக்காந்து கஞ்சி குடிக்காது."

தாத்தா வெளியே வந்து அங்கவடியில் கால் வைத்து ஏறினார். பட்டென்று ஒரு சத்தம். குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த வார் அறுந்து, சேணத்தோடு தாத்தா சேற்றில் விழுந்தார். பக்கத்தில் நின்ற மாயன்தான் முதலில் ஓடினார். நீட்டிய கைகளோடு, தாத்தாவுக்கு ஒரு முழம் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். சித்தப்பா வந்து தூக்கிக் கொட்டகைக்குள் கொண்டுபோனார்.

முழங்காலில் அடி. மழையும் வலுத்தது. சித்தப்பா வாரை வளைத்துப் பார்த்தார். "வேர்வை ஊறி வெடிச்சிருக்கு. மாசம் ஒருக்கா எண்ணெய் காட்டியிருந்தா இப்படி ஆகாது. இருங்க ஐயா, வெரசாத் தைச்சிர்றேன்."

கனத்த வாருக்கு இரண்டு பேர் வேண்டும். சித்தப்பா வெளியே பார்த்து, "வா மாயா" என்றார். மாயன் தாத்தாவைப் பார்த்தார். தாத்தா ஏலக்காய் மூட்டையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாயன் உள்ளே வந்தார்.

முதுகுத் தோலில் ஒரு பட்டை வெட்டினார்கள். மடிப்பு குதிரையின் வயிற்றை உறுத்தாமல் இருக்க முனைகளைச் சீவினார்கள். ஒருவர் குத்திய துளையில் இரண்டு ஊசிகள் எதிரும் புதிருமாகப் போய் வந்தன. தைத்து முடித்ததும் வாரை உத்திரத்தில் போட்டுச் சித்தப்பாவே தொங்கிப் பார்த்தார். தையல் அசையவில்லை.

"இனிமே யானை இழுத்தாலும் அறாது. ஏறுங்க ஐயா."

தாத்தா சேணத்தை வெகுநேரம் பார்த்தார். பழைய வாரையும் யாரோ ஒருவர் தைத்திருப்பார்தான். தைத்த கையை அவர் கண்ணால் பார்த்ததில்லை, அவ்வளவே. பிறகு என்னைத் தூக்கி உட்கார வைத்தார். "நீ ஏறிக்க ஆத்தா" என்று சொல்லிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

வழியெல்லாம் வழுக்கல். நொண்டிக்கொண்டே போனார். பாறைக்குப் பாறை நின்று மூச்சு வாங்கினார்.

"நீங்களும் ஏறுங்க தாத்தா."

"எனக்கு நடக்கணும் போல இருக்கு ஆத்தா."

போடித் தெருவில் நுழைந்தபோது நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். முழங்கால்வரை சேறோடு தாத்தா முன்னால் நடக்க, நான் மட்டும் குதிரையில் வந்ததை எல்லாரும் பார்க்க வேண்டும் என்றிருந்தது. மாயன் வார் தைத்ததையும் தாத்தா நடந்தே வந்ததையும் வாசலிலேயே அம்மாவிடம் சொன்னேன். அவள் தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள். என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினாள். மழையில் நனைந்து வந்தவளுக்கு மறுபடியும் எதற்குத் தண்ணீர் என்று சிணுங்கினேன்.

கொட்டகையைக் காலி செய்யும் பேச்சைத் தாத்தா அதற்குப் பிறகு எடுக்கவில்லை. சித்தப்பாவும் கீழே வரவில்லை.

மறுநாள் தாத்தாவின் முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து உப்பு ஒத்தடம் கொடுத்தேன். "என்னைக் குதிரையில ஏத்திட்டு நீங்க நடந்ததாலதானே தாத்தா?" என்று கேட்டேன். அவர் என் தலையில் கை வைத்தார். பேத்திமேல் இவ்வளவு பாசம் வைத்த தாத்தா ஊரில் வேறு யாருக்கும் இல்லை என்று வெகுகாலம் சொல்லித் திரிந்தேன்.