கறுப்பி கதவைப் பிறாண்டிய மத்தியானம்

எனக்குப் பூனையைக் கண்டாலே ஆகாது. பசித்தால் காலைச் சுற்றும், வயிறு நிறைந்துவிட்டால் நீ யார் என்று பார்க்கும். ஆனால் இதை என் அத்தை நீலாவதியிடம் சொல்லி யாரும் தப்பித்ததில்லை. கல்கத்தாவில் அவள் வளர்த்த கறுப்பியையும் அதன் குட்டி சுண்டுவையும் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

எழுபத்தொன்றில், கல்யாணமான கையோடு அங்கே போனாள். மாமா மருதமுத்துவுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். தெருவில் குண்டுவீச்சும் அடிதடியுமாக இருந்த காலம். "யார் கூப்ட்டாலும் தெறக்காத. மேல்தாப்பாளப் போட்டுக்கோ" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்.

அத்தைக்கு வங்க மொழி தெரியாது. முற்றத்துக்கு எதிர்வீட்டுக்காரியை எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி, என்பார்கள்; அவளோடு கைஜாடையும் சிரிப்பும்தான். வாய்விட்டுத் தமிழ் பேச அவளுக்கு இருந்தவை அந்த இரண்டு பூனைகள். குழம்பில் உப்புக் கூடியதை அவற்றிடம் சொல்வாள், மாமாவைப் பற்றிக் கோள் மூட்டுவாள். மாமாவுக்கோ தலையணையெல்லாம் பூனை முடி என்று எரிச்சல். "ஒருநா சாக்குல கட்டி ஹார்பர் பக்கம் விட்டுட்டு வந்துருவேன் பாத்துக்க" என்று மிரட்டுவார்.

அடுத்த தை மாதம் குளிர் வாட்டியது. இட்லி மாவு புளிக்கவே இல்லை. இட்லி கல்லாக வந்தது, மாமா ஒன்றும் பேசாமல் தின்றார். அவர் பேசாமல் தின்றதுதான் அத்தைக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அவரோடு வேலை செய்யும் ஊர்க்காரர்கள் வேறு சாப்பிட வருகிறார்கள். மானம் போய்விடுமே!

அங்கே சமையல் கரியடுப்பில். முற்றத்தில் வைத்துப் பற்றவைத்து, புகை அடங்கிய பிறகு உள்ளே தூக்கி வருவார்கள். சமையல் முடிந்ததும் மறுபடி வெளியே போய்விடும். அன்று அத்தை அதை வெளியே வைக்கவில்லை. கட்டிலருகே நகர்த்தி, மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். சூடு போய்விடாமல் ஜன்னலைச் சாத்தினாள், கதவிடுக்கில் பழஞ்சேலையைத் திணித்தாள். மாவில் வாய் வைக்கும் என்று பூனைகளை முன்னமே வெளியே துரத்தியாகிவிட்டது. மேல்தாழ்ப்பாளையும் போட்டாள். புகைதான் இல்லையே என்று அவள் எண்ணம். மூடிய அறையில் கரிக்கனல் புகையில்லாமலே ஆளைக் கொல்லும் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கம்பளிக்கே வேலையில்லாத பாளையங்கோட்டையிலிருந்து வந்தவளுக்கு அதை யார் சொல்வது?

சற்றே படுத்தாள். தலை வலித்தது, குமட்டியது. காய்ச்சல் போலும் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு வலியும் தெரியவில்லை. அப்படியே கிடக்கலாம் போல இருந்தது.

அப்போதுதான் கதவில் பிறாண்டும் சத்தம். கறுப்பிக்குச் சோற்று நேரம். கூடவே சுண்டுவின் கீச்சுக் குரல். "போட்டி மூதி, பொறவு வா" என்று சொல்லப் பார்த்தாள். நாக்குப் புரளவில்லை. கறுப்பி விடுகிற ஜென்மமா? கத்தல் ஓலமாயிற்று.

பாவம், பசி போல என்று எழுந்தாள். கால்கள் அவளுடையவையாக இல்லை, பொத்தென்று விழுந்தாள். தவழ்ந்து கதவருகே வந்துவிட்டாள். தாழ்ப்பாளோ தலைக்கு மேலே. கதவைப் பிடித்து எழுந்தாள், சரிந்தாள். அந்தப் பக்கம் சுண்டு கத்தியது. மறுபடி எழுந்தாள். விரல் நுனி தாழ்ப்பாளில் பட்டு வழுக்கியது. அப்புறம் எப்படி இழுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதவு திறக்கவும் வாசற்படியில் குப்புற விழுந்தாள்.

பௌதி ஓடிவந்தாள். உள்ளே அடுப்பைப் பார்த்ததும் "ஐயோ, ஜானாலா! ஜானாலா!" என்று அலறிக்கொண்டு ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். அத்தையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு, கண் விழிக்கும்வரை கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மாமா வந்தபோது மாவு அருமையாகப் பொங்கி நின்றது. அத்தனையையும் சாக்கடையில் கொட்டினார். பிறகு கறுப்பிக்கு மீன் வாங்கப் போனார். சாக்குப் பேச்சு அன்றோடு நின்றது.

இதையெல்லாம் கேட்ட பிறகும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அது ஒன்னயக் காப்பாத்தவா வந்துச்சு அத்தே? சோத்துக்குத்தான வந்துச்சு?"

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"சோத்துக்குத்தாம்ட்டி வந்துச்சு. நான் எனக்காவ எந்திரிச்சிருக்கவே மாட்டேன், அப்படியே போயிருப்பேன். அதுக்குப் பசிக்குமேன்னுதான் எந்திரிச்சேன். அம்மாம்பெரிய ஊர்ல, அன்னைக்கு என்னயத் தேடி வேற யாரு வந்தா?"