விளையாட்டுக்கு வாங்கிய மீட்டர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு புத்த பூர்ணிமா மாலையில், கோலார் தங்க வயலில், ஊரிகம் என்னும் எங்கள் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்கு நடுவில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன், அந்த மீட்டர் என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ கரண்ட் வேலை படித்தவள் என்று நினைத்துவிடுவீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கு எழுதும் வேலை. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பும் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

ரயிலில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் சீட்டுக்குச் சண்டை போடுவார்கள். நான் ஜன்னலோரம் கிடைத்தால் ஃபோனில் வீடியோ பார்ப்பேன். சமையல் வீடியோவில் ஆரம்பித்தது, எப்படியோ எல்.இ.டி. விளக்கு செய்யும் வீடியோவில் போய் நின்றது. இருட்டினால் தானாக எரியும் விளக்கு, கை தட்டினால் எரியும் விளக்கு, கொத்துமல்லி டப்பாவுக்குள் மினுமினுக்கும் விளக்கு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்க ஆரம்பித்தேன். அடுப்படியில் ஈயப்புகை வாசனை வருகிறது என்று என் கணவர் முகம் சுளிப்பார். ஆனால் விளக்கு எரிந்துவிட்டால் முதலில் வந்து பார்ப்பவரும் அவர்தான்.

பிரச்சினை என்னவென்றால், பாதி விளக்குகள் எரியாது. ஏன் எரியவில்லை என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள, கரண்டை அளக்கும் மல்டிமீட்டர் வேண்டும். எல்லா எலக்ட்ரிக் கடையிலும் தொங்கும் மஞ்சள் மீட்டர் மலிவு. ஆனால் அதன் ஒயர் தாலிக்கயிற்றைவிட மெல்லிசு. வீடியோவில் வருபவர்கள் வைத்திருக்கும் மீட்டரை வாங்கினால் அந்த மாதம் நாங்கள் ரசம் மட்டும்தான் சாப்பிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடி வாரக்கணக்கில் ரயிலில் படித்துக்கொண்டே போனேன். எதற்குள் ஃபியூஸ் இருக்கிறது, எதன் ஒயர் தடிமன், எது ஒயர் அறுந்திருந்தால் சொல்லும் என்று கனவிலும் அதே நினைப்பு. என்னைக் கட்டிக்கொள்ளக்கூட நீ இவ்வளவு யோசிக்கவில்லையே என்று கணவர் கேலி செய்தார். யோசித்திருக்கலாம்தான் என்று நானும் திருப்பிச் சொன்னேன்.

கடைசியில் பெங்களூரில் ஒரு நெரிசலான சந்தில், ஆள் நுழைய இடமில்லாத கடையில், நடுத்தர விலையில் ஒன்றை வாங்கினேன். அதைத் தேர்ந்தெடுத்த காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டதும் அது 'பீப்' என்றது. மற்ற மீட்டர்கள் யோசித்துவிட்டுத்தான் கத்தின. இது தொட்ட உடனே கூப்பிட்டது. எனக்கு அந்தக் குரல் பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் வேறு உலகத்தில் இருந்தேன். எலுமிச்சம்பழத்தில் ஓர் ஆணியும் செம்புக்கம்பியும் குத்திப் பார்த்தால் வோல்ட் காட்டுகிறது. உப்புத் தண்ணீரில் காட்டுகிறது. ஒரு முனையை நானும் மறுமுனையை அவரும் பிடித்துக்கொண்டு கையைக் கோத்தால், எங்கள் இரண்டு உடம்பின் வழியாகவும் ஏதோ ஒன்று போய் ஓர் எண்ணாக வந்து நிற்கிறது. கை வியர்த்தால் எண் குறைகிறது, விட்டுவிட்டால் மறைந்துபோகிறது. இத்தனை நாள் பார்த்த பொருள்களுக்கெல்லாம் உள்ளே ஓர் எண் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறதே என்று ராத்திரியில் படுத்துக்கொண்டு நினைப்பேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு இல்லையா, எனக்கு என் மீட்டர் அப்படித்தான்.

இனி அந்த மாலைக்கு வருகிறேன்.

எங்கள் எதிர் வீட்டில் ஓர் அண்ணனும் அக்காவும் இருக்கிறார்கள். கணவன் மனைவி; எங்களுக்கு உறவு இல்லை, கூப்பிடுகிற முறை. அண்ணன் சுரங்கம் மூடும்வரை உள்ளே வேலை செய்தவர். கல்தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. சில வருடங்களாக ஆக்ஸிஜன் மெஷின் வைத்துத்தான் மூச்சு விடுகிறார். கரண்டில் ஓடும் பெட்டி அது, அறையில் இருக்கும் காற்றை இழுத்து ஆக்ஸிஜனாக்கி மூக்குக் குழாயில் அனுப்பும். கரண்ட் போனால் சமாளிக்க ஒரு சின்ன சிலிண்டரும் வைத்திருந்தார்கள். கரண்ட் ஏறி இறங்கினாலும் மெஷினுக்கு ஒரே அளவில் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று வாங்க வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பார், அது மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

அவர்கள் புத்தரைக் கும்பிடும் குடும்பம். பூர்ணிமா என்றால் வாசலில் ஐந்து வண்ணக் கொடி, வெள்ளை உடுப்பு, எங்களுக்கெல்லாம் பாயசம். அன்று மத்தியானம் புழுதிக் காற்று அடித்து, கொஞ்சம் தூறி, கரண்ட் போய் வெகுநேரம் கழித்து வந்தது. அதற்குள் சிலிண்டரில் பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது என்று அக்கா கவலைப்பட்டார். நல்லவேளை, பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் வந்து, மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. வாசலில் கட்டியிருந்த சீரியல் லைட்டுகளும் எரிந்தன.

எப்படி எரிந்தன என்கிறீர்கள்? வருடாவருடம் பார்க்கிற அதே பழைய குண்டு பல்புகள்தான். ஆனால் அன்று ஒவ்வொன்றும் பழுத்த பழம்போல் நிறைந்து எரிந்தது. சிவப்பு அவ்வளவு சிவப்பாக, பச்சை அவ்வளவு பச்சையாக இருந்து நான் பார்த்ததில்லை. தூறலில் நனைந்த தெரு முழுக்க அந்த வண்ணங்கள் கலந்து கிடந்தன. எதிரே, சுரங்க மண்ணைக் கொட்டிக் கொட்டி உருவான மேட்டுக்கு மேலே நிலா வந்துகொண்டிருந்தது. லைனில் இருந்த எல்லாரும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். நானும் பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிட மறந்து நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

உள்ளே வந்தபோதுதான் எங்கள் மின்விசிறி வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுவதைக் கவனித்தேன். சாமி படத்துக்கு முன்னால் இருந்த சிறு பல்பைப் பார்த்தால் கண் கூசியது. பயமெல்லாம் வரவில்லை. இந்த அழகுக்கு என்ன எண் என்று பார்க்க ஆசை வந்தது, அவ்வளவுதான். மீட்டரை எடுத்து, முனைகள் சரியான துளையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பிளக்கில் வைத்தேன். எங்கள் வீட்டில் எப்போதும் இருநூற்று முப்பதைச் சுற்றித்தான் இருக்கும். அன்று இருநூற்று எழுபது காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பதைத் தாண்டி ஏறியது.

முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரு வீடியோவுக்குக் கீழே யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துபோனால் இந்த மாதிரி மீட்டர்கள் கூடுதலாகக் காட்டும் என்று. அதற்கு முந்தைய வாரம்தான் நான் அதை அணைக்க மறந்து ராத்திரி முழுக்க விட்டிருந்தேன். அவசரமாகத் தேடி, கடிகாரத்துக்கு வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த புது பேட்டரி ஒன்றை எடுத்து, அதிலும் கூடுதலாகக் காட்டுகிறதா என்று அளந்தேன். புது பேட்டரி என்ன காட்ட வேண்டுமோ அதையே காட்டியது. இன்னொன்றைப் பிரித்து அளந்தேன். அதுவும் சரி. மறுபடியும் பிளக்கில் வைத்தேன். இருநூற்றுத் தொண்ணூறு.

அப்போதுதான், இதே கரண்டில் ஓடிக்கொண்டிருக்கும் எதிர் வீட்டு மெஷின் ஞாபகம் வந்தது.

கணவர் கரண்ட் ஆபீஸ் லைன்மேனுக்கு ஃபோன் போட்டார், எடுக்கவில்லை. நேரில் போய்க் கூட்டி வருகிறேன் என்று வண்டியை எடுத்தவர், நீ ஊர் வம்பை இழுக்காதே, நான் வரும்வரை சும்மா இரு என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மெஷின் எரிந்துபோனால் வேறு மெஷின் பெங்களூரிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் என் பேச்சைக் கேட்டு மெஷினை நிறுத்தி, சிலிண்டரும் தீர்ந்து, மீட்டர் காட்டியதும் தப்பாக இருந்துவிட்டால்? டப்பாவுக்குள் விளக்கு வைத்து விளையாடுகிறவள் ஒருவருடைய மூச்சில் கை வைக்கலாமா? வாசற்படியில் நின்று தவித்தேன். அந்த லைட்டுகள் இன்னும் அழகாகிக்கொண்டிருந்தன, கரண்ட் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் தெருவைத் தாண்டி ஓடினேன்.

வீடு நிறைய விருந்தாளிகள். கரண்ட் அளவுக்கு மீறி வருகிறது, மெஷினை நிறுத்துங்கள் என்று நான் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டு ஒருவர் சிரித்தார். கேவுருல நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி எங்கே போச்சு என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அக்கா சிரிக்கவில்லை. என்னைத் தனியே இழுத்து, "மெஷின நிறுத்தச் சொல்றியா? அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியாம்மா?" என்றார். அவ்வளவு பிரியமாக இருந்தவர் கண்ணில் என்மேல் வெறுப்பைப் பார்த்தேன்.

தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணன் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவர் பேசுவதே குறைவு, ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு செலவாகும்.

"உன் மீட்டரு பொய் சொல்லுமா?"

"சொல்லும்ணா. ஆனா இன்னிக்கு சொல்லல. புது பேட்டரிய அளந்து பாத்துட்டுதான் வந்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல், தானே கையை நீட்டி மெஷினின் சுவிட்சை அணைத்தார்.

அந்தப் பெட்டியின் சத்தம் நின்றது. அக்கா சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினார், மெயினையும் அணைத்தார். வாசல் லைட்டுகள் போய்விட்டன. வெளியே பிள்ளைகள் கத்தினார்கள். நான் மற்ற வீடுகளிலும் போய்ச் சொல்லிப் பார்த்தேன். நல்ல நாளும் அதுவுமாக எரிகிற விளக்கை யார் அணைப்பார்கள்? திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். சிலிண்டரில் மீதி எவ்வளவு என்று காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அக்கா அண்ணனின் முதுகைத் தடவிக்கொண்டே அந்த முள்ளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது ஒரு வீடு தள்ளி 'டப்' என்று ஒரு சத்தம். கூடவே தீய்ந்த வாசனை. யாரோ, டிவி போச்சு, டிவி போச்சு என்று அலறினார்கள்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. பக்கத்து வீட்டுப் பொருள் எரிந்ததில் வந்த சந்தோஷம். அடுத்த நிமிடமே அதை நினைத்து அழுகையும் வந்தது. லைன் முழுக்க ஓடி ஓடி மெயினை அணைத்தார்கள். ஒவ்வொரு வீடாக இருண்டு, கடைசியில் எங்கள் தெருவில் நிலா மட்டும் இருந்தது. மண்மேடு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. கதவைத் திறந்து வையுங்கள் என்று அண்ணன் சைகை காட்டினார். திறந்ததும் வெளிச்சம் அவர் கால்வரை வந்து விழுந்தது.

"இப்பதான் பூர்ணிமா மாதிரி கீது," என்றார்.

சிரித்தது அவர் மட்டும்தான். நாங்கள் எல்லாரும் சிலிண்டரின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு, தெருமுனையில் வண்டிச் சத்தம் வருகிறதா என்று காத்திருந்தோம். அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கனவில் ஓடுகிறவர்களுக்கு வழி நீளுமே, அப்படி நீண்டது.

கணவர் லைன்மேனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கம்பத்தில் ஏறிப் பார்த்த லைன்மேன், எல்லா வீட்டுக்கும் பொதுவாகப் போகும் நியூட்ரல் ஒயர் காற்றில் தளர்ந்து கருகிப்போயிருக்கிறது என்று கத்திச் சொன்னார். அதனால்தான் கரண்ட் சமமாகப் பிரியாமல், எங்களுக்குப் பின்னால் இருக்கும் வீட்டு வரிசையான பின் லைனில் விளக்குகள் மங்கி அழுதிருக்கின்றன, எங்கள் லைனில் அளவுக்கு மீறிப் பாய்ந்திருக்கிறது. பின் லைன் மங்கியிருந்ததை, அழகைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மெஷின் தாங்கியிருக்காது என்றார் அவர்.

ஒயரை மாற்றி அவர் இறங்கியதும் மெயினைப் போடச் சொன்னார். போட்டார்கள். ஆனால் மெஷினின் சுவிட்சை அக்கா தொடவில்லை. என்னைப் பார்த்து, "நீ வெச்சுப் பாரும்மா," என்றார். பிளக்கில் முனைகளை வைக்கும்போது என் கை நடுங்கியது. இருநூற்று முப்பத்தொன்று என்றேன். மெஷின் ஓட ஆரம்பித்ததும் அக்கா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். நானும்தான்.

ஸ்டெபிலைசர் அந்த வாரமே வந்துவிட்டது. அண்ணன் இன்றைக்கும் அதே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, என் புது விளக்குகளுக்கெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் கரண்ட் போய் வந்தால், நான் வீட்டில் இருக்கும் நேரமாக இருந்தால், அக்கா வாசலில் நின்று என்னைக் கூப்பிடுவார். நான் போய் முனைகளைப் பிளக்கில் வைப்பேன். அவர் ஒருநாளும் மீட்டரைப் பார்த்ததில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார். எண்ணைச் சொல்வதற்கு முன் அன்று நடுங்கியது போலவே இன்றும் என் கை ஒரு நொடி நடுங்குகிறது. அந்த நடுக்கம் என்னை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.