ஆள் தேறினார், படம் தேறவில்லை

சபையாரே, சென்ற ஜனவரியில் என் கணவர் மூச்சுவிட முடியாமல் கிடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நான் தவித்த தவிப்பு ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

நான் இங்கே கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் மேட்ரன். விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பியதும் விடுதியில் ஃப்ளூ காய்ச்சல் பரவியது. என்னை ஒரு தும்மலோடு விட்டது. அவரைப் பிடித்துக்கொண்டது. சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவர், சளிதானே என்று கஷாயத்தைக் குடித்துவிட்டு வட்டக்கானலுக்கு வண்டி எடுத்தார். அந்த வாரம் முடிவதற்குள் உதடு நீலமாகிவிட்டது. ஆக்சிஜன் வைத்து ஆம்புலன்ஸில் மதுரைக்கு இறக்கினோம். வளைவுக்கு வளைவு "இயேசுவே" என்று கத்திக்கொண்டே போனேன். மெதுவாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

மதுரையில் நெஞ்சை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரலின் அடிப்பாகம் இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது. ஃப்ளூ நிமோனியாவாகிவிட்டது என்றார் டாக்டரம்மா. அதிலிருந்து எனக்கு ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, இந்த வெள்ளையை எடுத்துப்போடும்." உட்கார முடியாமல், வார்டு வாசலில் நடந்துகொண்டே ஜெபித்தேன்.

காய்ச்சல் இறங்கியது. ஆக்சிஜனைக் குறைத்தார்கள். மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். சில இடங்களில் வெள்ளை முன்னைவிட அடர்த்தியாகத் தெரிந்தது!

"டாக்டரம்மா, கூடிருச்சே! நான் ஜெபிச்சதெல்லாம் என்னாச்சு?" என்று அழுதேன்.

"அவரு நல்லாத்தான் இருக்காரும்மா. மொதல்ல ஆளு தேறுவாரு, பெறகுதான் படம் தேறும். கொஞ்சம் பொறுங்க."

பொறுக்கிற ஆளா நான்? வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் படங்களைத் தினமும் அடுப்படி ஜன்னலில் பிடித்துப் பார்ப்பேன். மேகம் வந்து வெளிச்சத்தை மறைத்தால் மேகத்தின் மேல் கோபம் வரும். எடுத்த படம் எப்படி மாறும்? அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

"என்ன, என் நெஞ்சக் காயப்போடுறியா? சோத்தப் போடு, பசிக்கிது" என்பார் அவர். வாரக்கணக்கில் கஞ்சி இறங்காத மனிதர் சோறு கேட்கிறார். அது என் காதில் விழவில்லை.

நம் சபையில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் எதையாவது கையில் கொண்டுவந்து காட்டுவோம். வேலை உத்தரவு, பிறந்த குழந்தை, முதல் காய்ப்புப் பேரிக்காய். நானும் சுத்தமான ஸ்கேன் படத்தோடுதான் நிற்பேன் என்று ஆண்டவரிடம் நேர்ந்து பொருத்தனை பண்ணியிருந்தேன். ஏப்ரலில் மூன்றாவது ஸ்கேன். வெள்ளை ஏறக்குறையப் போய்விட்டது. ஆனால் அடியில் நூல் நூலாகச் சில கோடுகள். அது தழும்பு, மறைய மாதக்கணக்காகலாம், மறையாமலும் போகலாம் என்றார்கள். அடுத்த வாரமே இன்னொரு ஸ்கேன் வேண்டும் என்று நின்றேன்.

"நாங்க படத்துக்கு வைத்தியம் பாக்கலம்மா. ஆளக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஆண்டவரோடு சண்டை போட்டேன். பாதி மலையில் மரம் விழுந்து பாதை அடைத்துக் கிடந்தது. அதைத் தாண்டி, மேலே நிற்கும் பஸ்ஸுக்கு நடந்து போகச் சொன்னார்கள். ஏற்றம். "நீங்க உக்காருங்க, வேற வழி இருக்கான்னு கேட்டுட்டு வாறேன்" என்று சொல்லித் திரும்பினால் ஆளைக் காணோம். பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடினேன். எனக்கு இரைத்தது.

"ஏ எஸ்தரு, வெரசா வா! பஸ்ஸு கெளம்பிரப் போகுது!"

மேலே இருந்து ஒரே மூச்சில் கத்தினார். இருமல் இல்லை. நடு ரோட்டில் நின்று அழுதேன். படத்துக்காக இத்தனை நாள் ஜெபித்திருக்கிறேன். ஆண்டவரோ நான் கேட்க மறந்த மனிதரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அதனால் இன்று வெறுங்கையோடு நிற்கிறேன். அவர் இருமாமல் எழுந்திருக்கும் ஒவ்வொரு காலையும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். பொறுமை இன்னும் முழுதாக வரவில்லை, அதற்கும் ஜெபம் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்களிலும் யாராவது ரிப்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருக்கலாம். ஜெபத்தை விடாதீர்கள். ஆனால் அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் இருக்கிறவர் முகத்தைப் பாருங்கள். ஆண்டவர் அங்கேதான் வேலை செய்துகொண்டிருப்பார்.