கேள்வி கேட்கிற டாக்டரம்மா

ஊசி போடத் தெரியாதவர் என்று எங்கள் டாக்டரம்மாவைச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரி சொல்லட்டும், மாடிவீட்டுக்காரி ஆமாம் போடட்டும். முதுகில் குழாயை வைத்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். தூங்கிவிட்டார் என்று சிரிக்கிறார்கள். அவர் காதால் பார்க்கிறவர். கண் திறந்தால் கேள்விதான்: எப்போது ஆரம்பித்தது, நடுக்கம் உண்டா, சளி என்ன நிறம், கூட இருப்பவர்களில் யார் இருமுகிறார்கள்.

பக்கத்து வீட்டு டிரைவரை நிமோனியா ஒரே நாளில் சாய்த்தது. பல் கிட்டும் நடுக்கம், நெஞ்சில் குத்து, துரு நிறத்தில் சளி. எக்ஸ்ரேயில் நுரையீரலின் ஒரு மூலையில் மட்டும் பஞ்சை அடைத்தது போல வெள்ளை. டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். அத்தோடு நிறுத்திக்கொண்டார், மிச்சத்தை அவர் பெண்டாட்டி எடுத்து வைத்தாள்.

பிறகு என் மருமகள். வறட்டு இருமல், தலைவலி, இலேசான காய்ச்சல். அதோடேயே பத்து நாள் தையல் கூடத்துக்குப் போய் மிஷின் மிதித்தாள். கூடத்திலேயே அனுப்பி எக்ஸ்ரே படம் எடுக்க வைத்தார்கள்; அதுவும் நிமோனியாவாம். பெயர் ஒன்றுதானே என்று பக்கத்து வீட்டு மிச்ச மாத்திரையை வாங்கி விழுங்க வைத்தவள் நான்தான். நாலாம் நாள் படியேறவே அவளுக்கு மூச்சு வாங்கியது. டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் இரண்டு பக்கமும் பனிமூட்டம்; ஆளோ நடந்து வந்திருக்கிறாள்.

"அந்த மாத்திரை கிருமியோட சுவரை இடிக்கிற மருந்தும்மா. இவளுக்கு வந்திருக்கிற கிருமிக்குச் சுவரே கிடையாதுன்னு நினைக்கிறேன். அப்புறம் எதை இடிக்கும்?"

என்னைத் திட்டவில்லை. வேறு மருந்து எழுதினார். அதைத்தான் நோய் தெரியாமல் மாற்றி மாற்றி எழுதுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி பரப்புகிறாள். மருமகள் இன்று இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறுகிறாள். கண் இருப்பவர்கள் பார்க்கட்டும்.

வரிசையை விட்டுவிட்டு ஓடினார் என்பது இன்னொரு புகார். ஓடவில்லை, நடந்தார். மருந்து எழுதும்போதே, உன் பக்கத்து மிஷினில் யாராவது இருமுகிறார்களா என்று மருமகளைக் கேட்டார்.

"இஸ்திரி போடுறவர் மூணு வாரமா இருமுறார் டாக்டர். அப்புறம் ரெண்டு அக்கா. ஒருத்தங்க மாசமா இருக்காங்க."

எழுதுகிற கை நின்றது. "இன்னைக்கும் வந்திருக்காங்களா?"

"வந்திருப்பாங்க."

மைப்பேனாவை மூடாமலே கோட்டுப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார். காத்திருந்த பத்துப் பேரும் முணுமுணுக்க, இது இருமலில் ஒட்டிக்கொள்கிற கிருமி, அரைமணியில் வருகிறேன் என்று சொல்லிக் கதவைத் திறந்து, தையல் கூடத்தின் பக்கம் நடந்தார். வெள்ளைக் கோட்டில் மை ஊறிக்கொண்டிருந்தது.